ராட்சத உயிரினத்தை யாரோ செல்போனில் எடுத்ததுபோல ஏஐ வீடியோ செய்வது எப்படி?

கடலிலிருந்து எழுந்து வரும் ராட்சத உயிரினம் ஒன்றை, யாரோ தற்செயலாகச் செல்போனில் பிடித்ததுபோல ஏஐ வீடியோவாகச் செய்ய முயல்வதாகவும், எந்தக் கருவியில் செய்தாலும் கேம் டிரெய்லர் போலவே வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கருவி நல்லது, என்ன பிராம்ப்ட் (ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் விவரிப்பு) போட வேண்டும் என்று கேட்கிறீர்கள். எனக்கு அதற்குள் இன்னொரு கேள்வி தெரிகிறது: உயிரினம் அழகாக வந்தும் ஏன் நம்ப முடியவில்லை? முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன், கருவிக்குக் கடைசியில் வருகிறேன். விஎஃப்எக்ஸ் காம்போசிட்டிங் என் தொழில். கணினியில் செய்த உருவத்தை நிஜக் காட்சிக்குள் பொருத்துகிற வேலை. பல ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். ஏஐ வந்த பிறகு உருவத்தைச் செய்வது சுலபமாகிவிட்டது. அதை ஓர் இடத்தில் நிற்க வைப்பது மட்டும் இன்னும் பழைய சிரமத்தோடுதான் இருக்கிறது.

யாரோ ஒருவர் தற்செயலாகப் பதிவு செய்ததுபோலக் காட்டும் பாணிக்கு ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்று பெயர். அதில் பார்வையாளர் முதலில் நம்புவது உயிரினத்தை இல்லை, கேமரா பிடித்திருக்கும் ஆளை. அந்த ஆள் யார், எதற்காகக் கேமராவை எடுத்தார், உயிரினம் தெரிவதற்கு முன் எதைப் பதிவு செய்துகொண்டிருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் வீடியோ செய்யும் ஏஐ மாடலுக்கும் தெரியாது. தெரியாதபோது அது தனக்குப் பழகிய இடத்துக்குப் போய்விடும்: டிரோன் மிதப்பதுபோல வழுக்கும் கேமரா, ஃபிரேமின் நடுவில் உயிரினம், பின்னால் மாலை வெளிச்சம். மாடல்கள் கற்ற காட்சிகளில் ராட்சத உயிரினம் என்றாலே சினிமாதான், ஆகவே அதைத்தான் திருப்பித் தருகின்றன. நீங்கள் பிராம்ப்டில் சேர்த்த 'எபிக்', 'சினிமாட்டிக்', '8கே' போன்ற சொற்கள் அந்தப் பக்கமே மேலும் தள்ளுகின்றன. அவற்றை எடுத்துவிட்டு, ஒரு சாதாரண மனிதர் செய்யும் காரியத்தை எழுதுங்கள். மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தவர், தூரத்தில் ஏதோ அசைவதைப் பார்த்து போனை எடுக்கிறார். மேகமூட்டமான பகல். ஜூம் செய்கிறார், உருவம் ஃபிரேமை விட்டு நழுவுகிறது, மறுபடி தேடிப் பிடிக்கிறார். இப்படி எழுதினால் கேமரா அசைவுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. காரணம் இல்லாத நடுக்கம் எவ்வளவு போட்டாலும் எஃபெக்ட்டாகவே தெரியும்.

அடுத்தது அளவு. பெரும்பாலான ஏஐ வீடியோக்கள் இங்கேதான் விழுகின்றன, இதில் ஊகத்துக்கு இடமே இல்லை, கணக்கு இருக்கிறது. ஒரு பொருள் பெரிதாகத் தெரிவதற்கு முதல் காரணம் அது எடுத்துக்கொள்ளும் நேரம். பூமி எல்லாவற்றையும் ஒரே முடுக்கத்தோடுதான் கீழே இழுக்கிறது. அதனால் உருவம் எத்தனை மடங்கு பெரிதோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு அசைவு மெதுவாக வேண்டும். 1.7 மீட்டர் மனிதனோடு ஒப்பிட்டால் 60 மீட்டர் உயிரினம் சுமார் 35 மடங்கு உயரம். 35-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 6. மனிதன் அரை வினாடியில் வைக்கும் ஓர் எட்டை, அதே நடையில் அந்த உயிரினம் வைக்க 3 வினாடி ஆகும். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொட சுமார் 3.5 வினாடி ஆகும். இந்த நேரங்களைப் பார்வையாளர் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பொருள்கள் விழுவதைப் பார்த்த கண்ணுக்குத் தவறு உடனே தெரிந்துவிடும். ஏஐ தரும் உயிரினம் ஒரு வினாடிக்குள் தலையைத் திருப்பி, கையை வீசி, கர்ஜித்துவிடுகிறது. உங்கள் மனம் அதை நாய் அளவு உயிராகக் கணக்கு வைத்துக்கொள்கிறது, பின்னால் கட்டடங்கள் இருந்தாலும்.

கணினிக்கு முந்தைய காலத்தில் சின்ன மாதிரிகளை வைத்துப் படமெடுத்தவர்கள் இதே கணக்கைத்தான் பயன்படுத்தினார்கள். 25-இல் ஒரு பங்கு அளவில் செய்த கட்டடம் இடிவதை வினாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 120 ஃபிரேமில் எடுத்து, 24-இல் ஓட்டினால் 5 மடங்கு மெதுவாகும். 25-இன் வர்க்கமூலமும் 5தான். நீங்களும் இதைச் செய்யலாம். பிராம்ப்டிலேயே மிக மெதுவான, கனமான அசைவு என்று கேளுங்கள். வந்ததை எடிட்டிங்கில் இன்னும் இரண்டு மடங்கு மெதுவாக்குங்கள், இடைவெளி ஃபிரேம்களை இன்டர்பொலேஷன், அதாவது மென்பொருள் ஊகித்து வரையும் முறை, நிரப்பும். ஒரேயடியாக ஆறு மடங்கு இழுத்தால் உருவத்தின் ஓரங்கள் உருகத் தொடங்கும், அதனால் பாதியை மாடலிடமும் பாதியை எடிட்டிங்கிலும் வாங்குவது நல்லது. ஒரு சிக்கல் என்னவென்றால் கிளிப்பை முழுதாக மெதுவாக்கினால் மனிதர்களும் பறவைகளும் அலைகளும் சேர்ந்தே மெதுவாகிவிடும். உயிரினத்தைத் தனி லேயராக வைக்கச் சொல்வது இதற்காகத்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

மெதுவாக என்றால் சோம்பலாக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 3 வினாடி எட்டில் அது கடக்கும் தூரம் 26 மீட்டர் அளவு இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். பார்வைக்கு ஊர்வதுபோல இருக்கிற ஒன்றிடமிருந்து ஓடித் தப்ப முடியாது. இந்த முரண்தான் ராட்சத உருவங்களில் எனக்குப் பிடித்த பயம், கர்ஜனையைவிட இதையே நம்புகிறேன்.

எடையையும் உடலமைப்பில் காட்ட வேண்டும். உருவம் பெரிதாகும்போது எலும்பின் தடிமன் அதைவிட வேகமாகக் கூட வேண்டும் என்று கலிலியோ 1638-இலேயே எழுதிவிட்டார். நீளம் இருமடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். கண்டிப்பாகப் பார்த்தால் 60 மீட்டர் உயரத்தில் நடக்கும் விலங்கு இருக்கவே முடியாது. நமக்கு அது தடையில்லை, ஆனால் கண் எதிர்பார்ப்பதை மீறாமல் இருக்கலாம். யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதில்லை. உங்கள் உயிரினம் குதிக்கக் கூடாது, சட்டென்று திரும்பக் கூடாது. யாளி போன்ற ஒன்றைச் செய்கிறீர்கள் என்றால் சிங்கத்தின் மெல்லிய கணுக்கால்களை வைக்காமல் யானையின் தூண் கால்களை வையுங்கள். தோலுக்கு வழுவழுப்பான செதில்களைவிட, திமிங்கிலத்தின் மேல் ஒட்டி வளரும் பார்னக்கிள் என்ற ஓட்டுயிர்கள், பழைய தழும்புகள், படிந்த சேறு ஆகியவை வயதையும் அளவையும் சேர்த்தே சொல்லும்.

இனி தூரம். செல்போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான அகலக் கோணம். அதைப் படுக்கையாகப் பிடித்து 1 கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் 60 மீட்டர் உயிரினத்தை எடுத்தால், வீடியோ ஃபிரேமின் உயரத்தில் அது ஏறக்குறைய 8 சதவீதம்தான் வரும். 1080 பிக்சல் உயரத்தில் சுமார் 85 பிக்சல்! நிஜமாகவே அப்படி ஒன்று நடந்திருந்தால் நமக்குக் கிடைக்கும் வீடியோ இதுதான்: வீட்டுக் கூரைகளுக்கு மேல் ஒரு சின்னக் கரும்புள்ளி, பிறகு டிஜிட்டல் ஜூமில் குழம்பிய ஓர் உருவம். ஆகவே உங்கள் உயிரினத்தை நீங்கள் நினைத்ததைவிடச் சிறிதாக வையுங்கள். முதலில் சிறிதாகக் காட்டிய பிறகு, முன்னால் இருக்கும் கட்டடத்துக்கு மேல் அது எழும்போதுதான் உயரம் புரியும். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று கொண்டால் 60 மீட்டர் என்பது 20 மாடி. ஜன்னல்களை எண்ணிப் பார்த்துப் பொருத்துங்கள். ஏஐ தரும் ஸ்டில் படத்தில் ஒரே கட்டடத்தின் ஜன்னல்கள் வெவ்வேறு அளவில் இருக்கும், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வேலை தொடங்க வேண்டாம்.

தூரத்தில் இருப்பதைக் காற்று வெளுக்க வைக்கும். இதற்கு நான் எப்போதும் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு. உயிரினத்தின் மிகக் கறுப்பான இடம், அதே தூரத்தில் உள்ள மலை அல்லது கட்டடத்தின் கறுப்பைவிடக் கறுப்பாக இருக்கக் கூடாது. பெரும்பாலான ஏஐ கிளிப்புகளில் பின்னணி நீலச் சாம்பலாக மங்கியிருக்க, உயிரினம் மட்டும் பளிச்சென்று கறுப்பும் வெளிச்சமுமாக நிற்கும். கலர் கரெக்‌ஷனில் கறுப்பைச் சற்று உயர்த்தினாலே பாதி வேலை முடியும். இன்னொன்று, பின்னணி மங்கலை மறந்துவிடுங்கள். செல்போனின் சென்சார் சிறியது, தூரத்தில் உள்ள எல்லாமே ஒரே கூர்மையில் தெரியும். முன்னும் பின்னும் மங்கலாகி நடுவில் மட்டும் கூர்மை இருந்தால் மனம் அதை மேசை மேல் வைத்த பொம்மை என்று எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் கடல் உயிரினம் கேட்டிருப்பதால் நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவைக் காட்டிக்கொடுப்பதில் நீரைப்போல வேறொன்று இல்லை. காற்றில் விழும் நீர்த்துளி ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக நிலைப்பதில்லை, உடைந்துவிடும். உயிரினம் எவ்வளவு பெரிதானாலும் துளி பெரிதாகாது. எனவே 1 கிலோமீட்டர் தூரத்தில் ராட்சத உடலிலிருந்து வழியும் நீர் தனித்தனித் துளிகளாகத் தெரியாது, வெள்ளைப் புகைபோலவும் மூடுபனிபோலவும் மெதுவாக இறங்கும். ஏஐ பெரும்பாலும் கண்ணாடிக் குண்டுகள் தெறிப்பதுபோலக் காட்டும், அது தொட்டியில் எடுத்த பொம்மை. ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் நீண்ட கழுத்தை நீட்டும் ராட்சத விலங்கு என்று 1934-இல் வெளியான புகழ்பெற்ற புகைப்படத்திலும் இதே கதைதான். பரவலாக அச்சானது சுற்றுப்பகுதி வெட்டப்பட்ட படம். வெட்டாத படத்தில் அந்தக் கழுத்தைச் சுற்றியிருந்த சிற்றலைகள், பொருள் எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. பொம்மை நீர்மூழ்கியின் மேல் பொருத்திய தலை அது என்பது 1994-இல் வெளிப்பட்டது. அலையின் அளவை மாடல் சரியாகத் தரவில்லை என்றால், உடலும் நீரும் தொடும் கோட்டைப் படகாலோ பாறையாலோ மூடுபனியாலோ மறைத்துவிடுங்கள். மறைப்பதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், எங்கள் தொழிலில் அது அன்றாட வேலை.

வேலைமுறைக்கு வருகிறேன். எழுத்திலிருந்து நேராக வீடியோ கேட்பதை விட்டுவிடுங்கள். முதலில் ஒரு ஸ்டில் படம், அதில் அளவு, வெளிச்சம், மங்கல் எல்லாம் சரியான பிறகு அதையே முதல் ஃபிரேமாகக் கொடுத்து வீடியோவாக்குங்கள். இன்னும் நல்ல வழி, என் விருப்பமும் இதுதான்: பின்னணியை உங்கள் போனிலேயே எடுத்துவிடுங்கள். மேகமூட்டமான நாளில், உண்மையாகவே எதையோ பார்த்து ஜூம் செய்து தேடுவதுபோல ஒரு நிமிடம். அந்தக் கை நடுக்கத்தையும் காற்றொலியையும் எந்த மாடலும் இவ்வளவு சரியாகத் தராது. பிறகு உயிரினத்தை மட்டும் ஒற்றை நிறப் பின்னணியில் ஏஐயிடம் செய்து வாங்கி, வேகத்தை மாற்றி, பின்னணியின் கேமரா அசைவை டிராக் செய்து (ஃபிரேம் ஃபிரேமாகப் பின்தொடர்ந்து) அதில் ஒட்டுங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் டிராக்கிங் இலவசம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே காம்போசிட்டிங் செய்யலாம். கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். ஆனால் அதற்குப் பிறகு பிராம்ப்ட் போட்டு அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கும் நிலை இருக்காது, ஒவ்வொரு பிழையையும் தனியாகத் திருத்தலாம்.

கிளிப்புகள் குறுகியவை என்று கவலைப்பட வேண்டாம். 8 வினாடியில் உங்கள் உயிரினம் இரண்டு மூன்று எட்டு வைக்கும், அது ஒரு ஷாட்டுக்குப் போதும். கடைசி ஃபிரேமை எடுத்து அடுத்த கிளிப்பைத் தொடங்கும் முறையில் ஒவ்வொரு முறையும் நிறமும் கான்ட்ராஸ்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். ஃபவுண்ட் ஃபுட்டேஜில் வெட்டுவதற்கு நியாயமான இடங்கள் ஏராளம்: போன் கீழே தாழ்கிறது, சுவர் குறுக்கே வருகிறது, படிக்கட்டில் ஓடும்போது கால்கள் மட்டும் தெரிகின்றன. அந்த இடங்களில் ஒட்டுங்கள்.

கேமராவின் குறைகளைக் கடைசியில், அதுவும் அளவோடு சேருங்கள். இன்றைய போன்களில் ஸ்டெபிலைசேஷன் இருப்பதால் நுண்ணிய நடுக்கம் அடங்கிவிடும், வேகமாகத் திருப்பும்போதுதான் படம் குலுங்கும். வானத்தைக் காட்டினால் தரை இருண்டு, சற்றுத் தாமதமாக எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) சரியாகும். ஜூமில் ஃபோகஸ் ஒரு முறை தடுமாறும். இந்த மூன்றும் போதும். பழைய விஹெச்எஸ் வீடியோ கேசட் தோற்றம் வேண்டும் என்றால் முழுதாக அதற்குப் போங்கள்: 4:3 சட்டகம், அசையும் ஓரங்களில் சீப்புப் பற்கள்போலத் தெரியும் இன்டர்லேஸ் கோடுகள், வழியும் நிறம், அடியில் கிழிந்த பட்டை. ஹெச்டி கூர்மையில் எடுத்த படத்தின் மேல் கோடுகளைத் தூவினால் அது ஃபில்டர் என்று சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். சிசிடிவி என்றால் இரவில் அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சம் சில பத்து மீட்டர்தான் போகும். தூரத்து உயிரினத்தை அது ஒளிர வைக்காது, தெருவிளக்குகளை மறைக்கும் நிழலாகத்தான் காட்ட முடியும். வரிசையும் முக்கியம்: ஒட்டுதல், அசைவு மங்கல், எக்ஸ்போஷர், நாய்ஸ் (படத்தில் தெரியும் நுண்புள்ளிகள்), எல்லாவற்றுக்கும் பிறகு கம்ப்ரஷன் (கோப்பைச் சுருக்குவது). நாய்ஸ் முழு ஃபிரேமுக்கும் ஒன்றாக விழும்போதுதான் உயிரினமும் பின்னணியும் ஒரே கேமராவில் பதிவானதாகத் தெரியும்.

ஒலியில் ஒரே ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தாலும் பெரிய பலன் உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 1 கிலோமீட்டர் தூரத்தில் கால் தரையில் படுவதைப் பார்த்து 3 வினாடி கழித்துத்தான் சத்தம் வர வேண்டும். அந்த 3 வினாடி மௌனத்தைப் பெரும்பாலான வீடியோக்கள் தருவதில்லை. தூரத்திலிருந்து வரும் சத்தத்தில் கூர்மை குறைந்து மந்தமான உறுமல்தான் மிஞ்சும். போன் மைக் ஆழமான ஒலியைச் சரியாகப் பிடிக்காது, அதனால் தியேட்டர் அதிர்வை அதில் போடக் கூடாது. இசை அறவே வேண்டாம். பேசுகிறவர் வசனம் பேசக் கூடாது. மூச்சு, பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கூப்பிடுவது, "இங்க வா, இங்க வந்து பாரு" என்ற அளவு போதும்.

இதுவரை சொன்னதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வேகம், தூரம், துளி, ஒலி பற்றிய கணக்குகள் இயற்பியல், அவை எந்தக் கருவி வந்தாலும் மாறாது. உயிரினம் எவ்வளவு தெரிந்தால் பயம் வரும், எப்போது முகம் காட்டலாம் என்பதெல்லாம் என் ரசனை, உங்களுக்கு வேறாக இருக்கலாம். பிராம்ப்ட் சொற்கள் மிக நிலையற்றவை. ஒரு மாடலில் பலித்த சொல் அதன் அடுத்த பதிப்பில் பலிக்காது, அதனால் மந்திரம் போன்ற பிராம்ப்ட் பட்டியல்களை விலைக்கு வாங்க வேண்டாம். காம்போசிட்டிங்கிலும் சில எல்லைகள் உண்டு. உயிரினத்தின் நிழல் பல கட்டடங்கள் மேல் விழுவது, அது கட்டடத்தை இடிப்பது போன்ற காட்சிகளை இரண்டு பரிமாண ஒட்டு வேலையில் நம்பும்படி செய்வது மிகக் கடினம். முப்பரிமாணம் தெரியாமல் அதில் இறங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இவ்வளவும் சரியாக வந்துவிட்டால் யாரோ சிலர் அதை நம்புவார்கள், உங்கள் பெயர் இல்லாமல் எங்கெங்கோ பகிர்வார்கள். உண்மையான ஊர்ப் பெயர், உண்மையான தேதி, உண்மையில் நடந்த வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி ஆகியவற்றோடு வீடியோவை இணைக்காதீர்கள். கடலோரத்தில் வாழ்பவருக்கு 'தண்ணீர் எழுகிறது' என்பது விளையாட்டுச் செய்தி இல்லை. யூடியூப் 2024 மார்ச் முதல் நிஜம்போலத் தெரியும் செயற்கைக் காட்சிகளைப் பதிவேற்றும்போது அறிவிக்கச் சொல்கிறது. கற்பனை என்று வெளிப்படையாகத் தெரிவதற்கு அதில் விலக்கு உண்டு. நம் முயற்சியே அது வெளிப்படையாகத் தெரியாமல் இருப்பதுதான் என்பதால் அந்த விலக்கைத் தேடாமல் அறிவித்துவிடுங்கள், வீடியோவின் ஓரத்தில் சின்னதாக எழுதியும் வையுங்கள். கூகுளின் வியோ போன்ற வீடியோ ஏஐ கருவிகள், இது ஏஐ செய்தது என்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத சிந்த்ஐடி குறியைப் பதிக்கின்றன. அதை நீக்குவதற்கான வழிகளைத் தேட வேண்டாம்.

இப்போது கருவி. ஸ்டில் படத்தை முதல் ஃபிரேமாக ஏற்கும் எதுவும் உங்களுக்குப் போதும். கிளிங், ரன்வே, வியோ மூன்றுமே ஏற்கும். வியோ 3 ஒலியையும் சேர்த்தே தரும், ஆனால் மேலே சொன்ன தாமதத்துக்காக அந்த ஒலியை நீங்கள் பிரித்து நகர்த்த வேண்டியிருக்கும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அலிபாபாவின் வான் 2.1 போன்ற, இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த மாடலை, ஏஐ மாடல்களை ஓட்டும் காம்ஃபியுஐ மென்பொருள் வழியாக உங்கள் கணினியிலேயே ஓட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் செய்யலாம். எதை எடுத்தாலும் முதலில் 15 வினாடிக்கு மேல் திட்டமிடாதீர்கள். நீங்களே எடுத்த பின்னணி, அடிவானத்தில் பாதி மறைந்த ஓர் உருவம், ஒரே ஓர் எட்டு, 3 வினாடி தாமதத்தில் ஒரு மந்தமான சத்தம். அது சரியாக வந்த பிறகு அதே இடத்தில், அதே போனில், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் அடுத்த ஷாட்டை எடுங்கள்.